40 வீடுதான், ஆனாலும் டியர் 2 ஏன்?

40 வீடுகள் மட்டுமே வைத்திருக்கும் உங்கள் சங்கத்துக்கு, டியர் 3 இல்லாமல் டியர் 2 என்று ஏன் சொன்னார்கள் எனக் கேட்டிருந்தீர்கள்; வீடு கட்டும் திட்டம் இருப்பதாகவும் சொன்னீர்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் சமூக வீட்டுவசதி அமைப்புகளைப் பதிவு செய்யும்போது, பதிவாளர் அவற்றை டியர் 1, 2, 3 என்ற படிநிலைகளில் வைப்பார்; 1-க்குத்தான் கண்காணிப்பு அதிகம். வீட்டு எண்ணிக்கை மட்டும் டியரைத் தீர்மானிக்காது. நியூ சவுத் வேல்ஸில் 40 வீடுகளை நிர்வகிக்கும் உங்கள் சங்கத்தை டியர் 2 என்று சொன்னதற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கட்டுமானத் திட்டம்தான். டியர் 3 என்பது சிறிய அளவில் வாடகைதாரர்களைக் கவனிக்கும் அமைப்புகளுக்கு. தொடர்ந்து கட்ட ஆரம்பித்தால் கடன், பணச் சிக்கல் எல்லாம் கூடும், பாதிக்கப்படுவது குடியிருப்பவர்கள். அதனால்தான் கண்காணிப்பும் கூடுகிறது.

விண்ணப்பத்தோடு கொடுத்த வணிகத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை கட்டுவதைத் தொடர் பணி போல எழுதியிருந்தால், பதிவாளரிடம் அதைத் தெளிவுபடுத்துங்கள்.

அப்புறம், டியர் 3 கிடைத்தாலும் பதிவுபெற்ற அமைப்புகளை மதிப்பிடும் ஏழு செயல்திறன் அளவுகோல்களும் பொருந்தும். விக்டோரியா மாநிலத்தில் உள்ளவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே டியர் முறையே கிடையாது.