கந்தரோடைப் பானையோடும் பத்திக் சேலையும்

கேள்வி: நான் சுன்னாகத்தில் பத்திக் சேலைகள் செய்து விற்கிறேன். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று பெயரிட்டதால், அந்தப் பெயருடைய நகரத்தின் நீலவெள்ளை ஓட்டுச் சித்திரங்களைச் சேலையில் எழுதி ‘யாழ்ப்பாணப் பாரம்பரியம்’ என்று விற்க எண்ணுகிறேன். பொருந்துமா? — வாசகி, சுன்னாகம்

பதில்: சேலை அழகாக இருக்கும், அதற்கு நீங்கள் வைக்கும் பெயர்தான் பொருந்தாது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை நெடுந்தீவுக்கு இட்டார்கள். பெயரோடு அந்நகரின் குயவுத்தொழிலும் கப்பலேறி வந்துவிடவில்லை. அந்த நீலவெள்ளையும் இரவல்தான். 17ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கானில் மயங்கிய டெல்வ்ற் குயவர்கள், அதைச் செய்யும் வழி அறியாமல், சாதாரண மண்பாத்திரத்தின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்மெருகைப் பூசி, அதன்மேல் கோபால்ட் நீலத்தால் எழுதினார்கள்.

உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் கந்தரோடை இருக்கையில் ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் அங்கு அகழ்ந்தபோது, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களோடு ரௌலட்டெட் எனப்படும் மட்பாண்டத்தின் ஓடுகளும் கிடைத்தன. இவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, மெல்லிய சாம்பல்நிற மண்ணால் வனைந்த, விளிம்பு உள்நோக்கி வளைந்த அகன்ற தட்டுகள். தட்டின் உள்ளே, அடிப்பகுதியில், ஒரே மையத்தைச் சுற்றிய வளையங்களாகச் சிறு புள்ளிகளும் ஆப்புவடிவக் கீறல்களும் நெருங்கி ஓடுகின்றன. பற்கள் கொண்ட சிறு உருளையை ஈரமண்ணில் உருட்டியதால் இவை பிறந்தன என்பார் ஒரு சாரார். சக்கரம் சுழல்கையில் நெகிழும் தகடொன்று துள்ளித்துள்ளிப் பட்டதால் பிறந்தன என்பார் மற்றொரு சாரார்.

எவ்வாறாயினும், அது தூரிகையால் எழுதிய சித்திரமன்று, சுழற்சியின் தடம். ஆகவே கணினியில் ஒரு புள்ளியை வெட்டி ஆயிரம் தடவை ஒட்டிச் சேலை முழுவதும் பரப்பினால் அதன் உயிர் போய்விடும். மெழுகைப் புள்ளிபுள்ளியாகக் கையால் இடுங்கள். ஒரு புள்ளி தடித்தும் அடுத்தது மெலிந்தும் விழுவது இங்கே குறையாகாது. வளையத்தை முந்தானையில் ஒரேயொரு பெரிய வட்டமாக வைக்கலாம், அல்லது வட்டத்தை நீட்டிக் கரையாக ஓடவிடலாம். எனக்குப் பிடித்தது வேறொன்று: அந்தத் தட்டின் அலங்காரம் அதிலுள்ள உணவு தீர்ந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும் என்பதால், அதைக் கொய்சகத்தின் மடிப்புகளுக்குள் வைத்து, நடக்கும்போது மட்டும் வெளிப்படச் செய்யலாம்.

நிறத்துக்கு நீலம் வேண்டாம். சாம்பலும் கரியும் போதும். சிவப்பு விரும்பினால் கறுப்புச் சிவப்புப் பானையைப் பாருங்கள். அதைச் சூளையில் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்து, ஏனைய பகுதி சிவந்தது என்பது பொதுவான விளக்கம். இரு நிறங்களும் சந்திக்கும் இடம் நேர்கோடாக இராது. சேலையை இரண்டு சாயங்களில் பாதிபாதியாகத் தோய்த்தாலே அந்த மங்கலான எல்லை தானாக வந்துவிடும்.

பெயர்ச்சீட்டிலும் கவனம் தேவை. ரௌலட்டெட் மட்பாண்டம் ரோமரோடு நடந்த வணிகத்தின் வழியே மேற்கிலிருந்து வந்ததென்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. பின்னர் மண்ணைப் பகுத்தாய்ந்தவர்கள் அது இந்தியாவிலேயே வனையப்பட்டது என்றார்கள். வங்கக் கரையிலிருந்து பாலித் தீவு வரை அது பரவியிருக்கிறது. எனவே ‘கந்தரோடையில் கிடைத்த கோலம்’ என்று எழுதுங்கள். ‘கந்தரோடையில் பிறந்த கோலம்’ என்று எழுதவேண்டாம்.

கேள்வி: வயலில் பொறுக்கிய பழைய ஓட்டுத்துண்டுகளில் துளையிட்டுக் கழுத்துமாலை செய்யலாமா? — வாசகர், நெல்லியடி

பதில்: செய்யாதீர்கள். தொல்பொருட்களை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. அதோடு, கிடந்த இடத்தை விட்டு எடுத்த ஓடு ஆய்வாளருக்குப் பெரிதும் பயனற்றதாகிவிடும். யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் சென்று, அனுமதி கேட்டு ஓடுகளை வரைந்துகொள்ளுங்கள். பின்னர் குயவர் ஒருவரிடம் களிமண் வாங்கி, மணிகளை நீங்களே பிடித்து, ஈரம் காயுமுன் ஒரு பழைய சீப்பின் பற்களால் அழுத்திப் பாருங்கள்.