கீமோவுக்குத் தப்பிய ஸ்டெம் செல்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும். மூட்டுவலி தாங்கவில்லை, நிறுத்திவிடட்டுமா என்கிறார். புற்றுநோய் ஸ்டெம் செல்கள்தான் உடம்பில் பரவுகின்றன, கீமோவில் அவை சாகாது என்று படித்தேன். அப்படியானால் மாத்திரை எதற்கு? அந்த செல் மிச்சம் இருக்கிறதா என்று டெஸ்ட் உண்டா? அதை அழிக்கும் காப்ஸ்யூல் என்று ஒன்று விற்கிறார்களே, கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காப்ஸ்யூல் வேண்டாம். டெஸ்ட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிதான். 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க் குழுவினர் மார்பகப் புற்று செல்களை, அவற்றின் மேற்பரப்பில் உள்ள சிடி44, சிடி24 என்ற இரண்டு புரதங்களை வைத்துத் தரம் பிரித்து, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சிடி44 நிறையவும் சிடி24 மிகக் குறைவாகவும் இருந்த செல்களில் வெறும் நூறு போதும், புதுக் கட்டி முளைத்துவிட்டது. இப்படிப் புதுக் கட்டியை முளைக்க வைக்கும் செல்லைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறார்கள். மற்ற செல்களைப் பல்லாயிரக்கணக்கில் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கட்டியில் உள்ள எல்லா செல்லும் சமமில்லை என்பது அப்போதுதான் இந்த நோயில் பளிச்சென்று தெரிந்தது.

பரவுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? மார்பகத்தின் பால் குழாய்ச் சுவர் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கும் இயல்புடையவை. அந்தப் பிடியைத் தளர்த்தி, நகரக்கூடிய செல்லாக மாறினால்தான் ஒன்று ரத்தத்துக்குள் போக முடியும். 2008-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வெயின்பெர்க்கின் ஆய்வகம், அப்படி மாறும் செல்லுக்கு ஸ்டெம் செல்லின் குணங்களும் கூடவே வந்துவிடுவதைக் காட்டியது. ஆக, கிளம்பிப் போகும் திறனும் போன இடத்தில் புதிதாக முளைக்கும் திறனும் ஒரே செல்லில் சேர்கின்றன. போகிறவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தப்பித்த சில, எலும்பு மஜ்ஜை போன்ற இடத்தில் போய், பெருகாமல், வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கீமோ முக்கியமாகப் பெருகும் செல்லைத்தான் தாக்குகிறது, அதனால் உறங்கும் செல் தப்பிவிடுகிறது; போதாததற்கு, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் இவற்றில் அதிகம்.

இங்கேதான் நீங்கள் படித்ததில் விடுபட்ட பாதி வருகிறது. புற்றுநோய் ஸ்டெம் செல் என்பது தனி இனமில்லை, ஒரு நிலை. சாதாரணப் புற்று செல்லும் அந்த நிலைக்குப் போகலாம், அதிலிருந்து திரும்பியும் வரலாம். அதனால் அவற்றை மட்டும் குறிவைத்து ஒழித்தால் போதும் என்ற ஆரம்பகால நம்பிக்கை அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஸ்டெம் செல்லுக்குத் தேவையான நாட்ச் என்ற சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தபோது வயிற்றுப்போக்கு பெரும் பிரச்சினையானது, ஏனென்றால் குடலைத் தினமும் புதுப்பிக்கும் நல்ல ஸ்டெம் செல்களுக்கும் அதே சமிக்ஞை வேண்டும். 2009-ல் எலிகளில் நல்ல பலன் காட்டிய சாலினோமைசின், கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து. மனிதர் உடம்பில் தசைகளையே சிதைக்கக்கூடிய நஞ்சு. ‘ஸ்டெம் செல்லை அழிக்கும்’ என்று டப்பாவில் அச்சடித்திருந்தால், எந்த மனிதர்களிடம் சோதித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சரி, மாத்திரை எதற்கு? அம்மாவின் நோய் ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகை. உறங்கும் செல் விழித்துப் பெருக அந்த ஹார்மோன் பெரிய தூண்டுதல். லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஸ்டெம் நிலையில் உள்ள செல்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்காது என்று யாராவது சொல்லலாம், அதுவும் உண்மைதான், ஆனால் அவற்றுக்குத் தூண்டுதல் ஏற்பி உள்ள பக்கத்து செல்களிடமிருந்து வருகிறது. இந்த வகை நோய் ஐந்து வருடம் தாண்டியும், ஏன், இருபது வருடம் கழித்துக்கூடத் திரும்ப வரலாம். மாத்திரையை ஐந்து வருடமும் சிலருக்கு அதற்கு மேலும் கொடுப்பது இதனால்தான். கீமோ விட்டுவைத்ததைக் கவனிக்கத்தான் இந்த மாத்திரையே.

டெஸ்ட். ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டு, சிகிச்சைக்கு உதவும் டெஸ்ட் இல்லை. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு, நோய் கண்டுபிடித்த நேரத்திலேயே எலும்பு மஜ்ஜையில் புற்று செல்கள் இருந்தன என்று 2005-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. அவர்களில் பலருக்கு நோய் திரும்பவே இல்லை. இருக்கிறது என்று தெரிந்து என்ன மாற்றப்போகிறோம்? தொந்தரவு எதுவும் இல்லாதபோது அடிக்கடி பெட் ஸ்கேனும், ரத்தத்தில் புற்றுநோய் அறிகுறியைத் தேடும் மார்க்கர் டெஸ்ட்டும் எடுப்பதையே வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. வருடம் ஒருமுறை மேமோகிராம், டாக்டரின் நேரடிப் பரிசோதனை, அது போதும். விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, நீடிக்கும் இருமல், காரணமில்லாத எடை இழப்பு, புதிதாகத் தட்டுப்படும் கட்டி என்றால் மட்டும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மூட்டுவலியை அலட்சியமாகச் சொல்லவில்லை. காலையில் விரல்களை மடக்கிக் கை மூட முடியாது, பாட்டில் மூடி திறக்க வராது, ஒரு மணி நேரம் கைவேலை செய்த பிறகு கொஞ்சம் தளரும். லெட்ரோசோல் எடுப்பவர்கள் பலர் இதை அப்படியே சொல்வார்கள். வழி இருக்கிறது. டாக்டர் சொல்லி சில வாரம் இடைவெளி விட்டு, இதே வகை மாத்திரைகளான அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன் என்று மாற்றலாம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. அதுவும் ஆகவில்லை என்றால் டாமாக்ஸிஃபென் என்ற வேறு வகை ஹார்மோன் மாத்திரை. வேக நடையும் லேசான எடைப் பயிற்சியும் வலியைக் குறைப்பது சோதனைகளில் தெரிந்த விஷயம், முதல் சில வாரம் கஷ்டமாக இருந்தாலும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா? லெட்ரோசோல் எலும்பை மெலிய வைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போன்ற மருந்து எலும்பைக் காப்பதோடு, எலும்பில் நோய் திரும்புவதையும் ஓரளவு குறைக்கிறது. உறங்கும் செல்லை விட்டுவிட்டு அது கிடக்கும் இடத்தைச் சரிசெய்கிற வைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அம்மாவுக்குப் பொருந்துமா என்று அடுத்த முறை கேளுங்கள். பொருந்தும் என்றால், பல் பிடுங்கும் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.