வாசனைப் பொடி, வெறும் பொடி: மணம் எத்தனை நாள் நிற்கும்?

கேள்வி: பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) வாசனை போட்ட இங்கிலாந்து மூக்குப்பொடியைத் திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் மணத்தைக் காணோம். அதே அலமாரியில் நான்கு மாதமாக இருக்கும் பட்டணம் பொடி அப்படியே இருக்கிறது. விலை கூடிய பொடிக்கு ஏன் ஆயுசு கம்மி?

பதில்: வாசனைப் பொடியில் மணம் கடைசியில் சேர்கிறது. புகையிலையை அரைத்துச் சலித்த பிறகு எண்ணெயைத் தெளித்துக் கலக்கிறார்கள். அது துகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிளம்பிப் போய்விடும். பட்டணம் பொடியின் மணமோ இலையை வறுக்கும்போதே அதற்குள் உண்டாவது. மேலே நெய்யும் ஒரு பூச்சுப் போலப் படிந்து அதைப் பிடித்து வைக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் ‘ஷ்மால்ட்ஸ்லர்’ என்ற பொடியிலும் அந்தக் காலத்தில் இப்படிக் கொழுப்பைச் சேர்ப்பார்கள். ஷ்மால்ட்ஸ் என்றால் அந்த ஊரில் உருக்கிய கொழுப்பு. பேரே அதிலிருந்து வந்தது.

எந்த வாசனை என்பதும் முக்கியம். எலுமிச்சை இனத்து எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சந்தன எண்ணெயின் சான்டலால் கொதிக்க 300 டிகிரி வேண்டும். முன்னது அறைச் சூட்டிலேயே ஓடிவிடும், பின்னது நகராது. 1737-இல் தொடங்கிய ஷெஃபீல்டு வில்சன்ஸ் நிறுவனத்தின் ‘எஸ்.பி.’ வகை பெர்கமாட் வாசனைக்குப் பேர் போனது. அதை அடிக்கடி திறந்தால் முதலில் போவது அந்தப் பழ வாசனைதான். பெர்கமாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இனிப்பு மணத்தைத் தரும் லினலைல் அசிடேட், பொடியிலுள்ள ஈரமும் காரத்தன்மையும் சேர்ந்தால் மெல்ல உடையும். பழ மணம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திறந்த டப்பாவுக்குச் சுமாரான கணக்கு: எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் மூன்று முதல் ஆறு வாரம். புதினா, மெந்தால் இரண்டு மூன்று மாதம். ரோஜா நாலைந்து மாதம். சந்தனம், வனிலா, டோங்கா (ஒரு வாசனைக் கொட்டை) ஒரு வருஷம் தாண்டும். வறுத்த வெறும் பொடியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதன் மணம் போவதைவிட மாறுவதுதான் அதிகம்: அம்மோனியா நெடி தணிந்து, வறுத்த வாடை மேலே வரும்.

கேள்வி: மூக்கில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும்? எனக்கு இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறது.

பதில்: எலுமிச்சை வகை என்றால் இரண்டு முதல் ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். ரோஜா பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். வெறும் பொடியின் வறுத்த வாடை அரை மணி நேரம்கூடத் தங்கும். மெந்தாலின் குளிர்ச்சியை மணத்தோடு சேர்க்காதீர்கள், அது நரம்பில் உண்டாகும் உணர்ச்சி.

நாளெல்லாம் பொடி போடுபவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப் போவது மூக்குதான், பொடிமேல் குற்றமிருக்காது. காலையில் முதல் சிட்டிகைக்கு முன்னால் டப்பாவை மோந்து பாருங்கள். மணம் தெரிந்தால் பொடி நன்றாகவே இருக்கிறது. மணம் பிடிபடவில்லை என்று சிட்டிகையைப் பெரிதாக்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வாசனை போன பொடியிலும் நிக்கோட்டின் அப்படியே இருக்கும். சிட்டிகை இரண்டானால் உடம்புக்குள் போகும் நிக்கோட்டினும் கூடும், பழக்கமும் இறுகும்.

கேள்வி: மெந்தால் பொடி டப்பாவின் மூடிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூசணமா?

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போன்ற ஊசிகள் மின்னினால் அது மெந்தால். திட நிலையிலிருந்தே ஆவியாகி, குளிர்ந்த மூடியில் மறுபடி படிகமாகியிருக்கிறது. விரலால் தேய்த்தால் சில்லென்று இருக்கும், புதினா வாசம் வரும். மூடியைத் தட்டி அந்த ஊசிகளைப் பொடியிலேயே உதிர்த்துக் கலக்கி ஒரு நாள் மூடி வையுங்கள். பஞ்சு மாதிரி, சாம்பலோ பச்சையோ கலந்து, மக்கிய வாடை அடித்தால்தான் பூசணம். அப்போது மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று நினைக்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மூக்குக்குள் இழுக்கிற பொருள் இது.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் நிற்குமா?

பதில்: சீல் உடைக்காத டப்பாவுக்கு நிற்கும். ஜிப் உறையில் போட்டு வையுங்கள். நெய் கலந்த பொடி பக்கத்திலிருக்கும் வெங்காய வாடையைக்கூட இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த பொடியின் மேல் வியர்த்துக் கட்டிப்படும். தினமும் எடுத்து வைக்கும் டப்பாவுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.

அதற்குப் பதிலாகப் பொடியைப் பிரித்து வையுங்கள். ஒரு வாரத்துக்கான ஐந்து கிராமைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இறுக மூடும் கண்ணாடிச் சீசாவில் கழுத்துவரை நிரப்பி இருட்டில் வையுங்கள். பாதி காலியான சீசாவில் காற்றுதான் அதிகம். பிளாஸ்டிக் டப்பா எலுமிச்சை வாசனைக்கு ஆகாது, லிமோனீனைப் பிளாஸ்டிக்கே உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: காய்ந்துபோன பொடியில் பன்னீர் தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம், தண்ணீரும் நேராகத் தெளிக்க வேண்டாம். தெளித்த இடம் கட்டியாகி அங்கேயே பூசணம் பிடிக்கும். பத்து கிராம் பொடியை ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மூடியுள்ள பெரிய டப்பாவுக்குள் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு; பொடியைத் தொடக் கூடாது. நாலைந்து மணி நேரத்தில் எடுத்துக் கிளறுங்கள். சிட்டிகை விரலிடையில் லேசாகச் சேர்ந்து, உடனே உதிர்ந்தால் போதும். பொடியோடு தங்கியிருந்த மணம் கொஞ்சம் எழும்பும். ஏற்கெனவே ஆவியாகிப் போனது திரும்பாது.

சுண்ணாம்பு சேர்ந்த பொடியில் ஈரம் ஏறினால் அம்மோனியா நெடி குத்தும். அந்த வகையைப் பஞ்சோடு வைக்க இரண்டு மணி நேரமே தாராளம். அயர்லாந்து ‘ஹை டோஸ்ட்’ மாதிரி உலர்வாகவே போட வேண்டியதை நனைக்கவே கூடாது. நம்மூர் வாழை மட்டைப் பொட்டலத்தையும் வாரக்கணக்கில் அப்படியே வைக்காதீர்கள். மட்டை காயக் காயப் பொடியும் கூடவே காயும்.

கேள்வி: மணம் போன பொடியில் ஒரு சொட்டு அத்தர்?

பதில்: கூடாது. அத்தரை நீர்க்கச் செய்யக் கலக்கும் எண்ணெய்கள் தோலுக்கானவை. அந்த எண்ணெய் மூக்குச் சவ்வை உறுத்தும், நுரையீரலுக்குள் போனால் இன்னும் கெடுதல். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பொடி டப்பாவில் டோங்கா கொட்டை ஒன்றைப் போட்டு வைப்பார்கள். அது பரவாயில்லை: கொட்டையைத் துணியில் முடிந்து சீசாவில் பத்து நாள் வைத்தால் இனிப்பான வைக்கோல் மணம் ஏறும்.

கேள்வி: பட்டணம் பொடியில் சிக்கு வாடை. புதுப் பொடியோடு கலந்தால் சரியாகுமா?

பதில்: நெய் கெட்டுவிட்டது. வெளிச்சம், சூடு, துருப்பிடித்த தகர விளிம்பு மூன்றும் அதை விரைவுபடுத்தும். கலந்தால் புதுசும் சீக்கிரம் கெடும். பழையதைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் கட்டிக் குப்பையில் போடுங்கள். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பொடியைப் போடுங்கள்.