செகண்ட் ஹேண்ட் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன வருடம் என் காரை ஒரு டீலரிடம் விற்றேன். பணம் முழுதாக வந்துவிட்டது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது சேலம் பக்கம் சிக்னலில் நிற்காமல் போனதற்கு என் போனுக்கு அபராத மெசேஜ் வருகிறது. டீலரைக் கேட்டால், "வாங்கினவர் சீக்கிரம் பேர் மாத்திடுவார் சார்" என்கிறார். விற்று முடித்த காருக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: பயப்பட வேண்டும் சார், அபராதம் இதில் சின்ன விஷயம். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ சட்டப்படி அவர்தான் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. விபத்து நடந்த கார் அதற்கு முன்பே பலர் கைமாறியிருந்தது, ஆனால் யாருமே பெயர் மாற்றவில்லை. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ள முதல் ஆள்தான் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள்.

காரை விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. நாள் தாண்டிவிட்டது, சரி, இப்போதாவது செய்யுங்கள். கார் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு, டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். விற்ற தேதி, டீலரின் பெயர், முகவரி எல்லாம் எழுதி, டெலிவரி நோட்டு நகலையும் பணம் வந்த வங்கி ஸ்டேட்மென்ட்டையும் இணையுங்கள். அதே கடிதத்தின் நகல் டீலருக்கும் போகட்டும், பிறகும் அவர் இழுத்தடித்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஃபாஸ்டேக் இன்னும் உங்கள் கணக்கில் ஓடுகிறதா என்பதையும் இன்றே பாருங்கள்.

இனி விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது அதைத் தெரிவிக்கும் படிவம் 29சி-யை ஆன்லைனில் அனுப்பிவிட்டால், அதற்கப்புறம் அந்தக் காருக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்பவர் பத்தாயிரம் அதிகம் கொடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: டீலர் ஷெட்டில் 2017 மாடல் கார் ஒன்று பார்த்தோம். மீட்டரில் 32,000 கி.மீ.தான். சிங்கிள் ஓனர், பெரியவர் ஓட்டிய கார் என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: உண்மையாகவும் இருக்கலாம், மீட்டரைத் திருப்பியும் இருக்கலாம். அதனால் மீட்டரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருக்கிறதா, ஸ்டியரிங் வழவழப்பாகிவிட்டதா? டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் தயாரானது. ஒரிஜினல் டயர் என்று சொன்னால் அந்த எண் கார் தயாரான காலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் கி.மீ. பதிவாகியிருக்கும், அந்த ரெக்கார்டைக் கேளுங்கள். எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அரசின் எம்பரிவாகன் ஆப்பிலேயே தெரியும்.

சென்னைக் கார் என்றால் எனக்கு மீட்டரைவிட வெள்ளம்தான் பெரிய கவலை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த அடியில் உள்ள தண்டவாளம், கார்ப்பெட்டுக்குக் கீழே, இங்கெல்லாம் துருவும் மண்ணும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள்; ஒரே ஓனர் விடாமல் புதுப்பித்து வந்த காருக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) திடீரென்று பூஜ்ஜியமாகியிருந்தால், அதற்கு முந்தைய வருடம் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். அப்புறம், மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், டீலர் காட்டும் ஆள் வேண்டாம்.

கேள்வி: "இன்ஷூரன்ஸ் மார்ச் வரைக்கும் இருக்கு, கவலைப்படாதீங்க" என்கிறார் டீலர். போதுமா?
- வாசகர், போரூர்

பதில்: போதாது. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு காரோடு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காருக்கு அடிபட்டால் கிளெய்ம் வேண்டுமே, அதற்குப் பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கார் வாங்கிய 14 நாளைக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம் என்பதால் வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: மூன்றரை லட்சம் விலை பேசிய பிறகு, மொத்தத்துக்கும் 18% ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள்.
- வாசகர், பெரம்பூர்

பதில்: 18% சரி, மொத்தத்துக்கும் என்பதுதான் தப்பு. பழைய காருக்கு டீலரின் லாபத்தின் மேல்தான் வரி. மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்றரைக்கு விற்றால் 50,000-க்கு 9,000 ரூபாய். பில் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் உள்ள காரை விற்க வேண்டும். டீலர், "சார் கையெழுத்து மாதிரியே 29, 30-ல் போட்டுக் கொடுங்கம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்.
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள் அம்மா. அது போலிக் கையெழுத்து, நாளை ஏதாவது வந்தால் மாட்டுவது நீங்கள், அந்த டீலர் பக்கத்திலேயே இருக்க மாட்டார். முதலில் கார் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இறந்த 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. முதல் கெடு போய்விட்டது, இரண்டாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு இன்னும் மனு கொடுக்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் இ-சேவை மையத்தில் கொடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். கார் அதுவரை வீட்டிலேயே நிற்கட்டும், அந்த டீலரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.