மதுரையைச் சைக்கிளில் சுற்ற: ரிங் ரோட்டை விடுங்கள், கண்மாயைப் பிடியுங்கள்

கேள்வி: நாங்கள் மதுரை எல்லீஸ் நகரில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். என் பதினான்கு வயது மகனும் உண்டு, அறுபதைத் தொடும் என் மாமாவும் உண்டு. போன ரோட்டிலேயே திரும்பி வருவது அலுத்துவிட்டது. ஊரைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடிக்க ஆசை. மேப்பில் போட்டால் ரிங் ரோட்டையும் நான்குவழிச் சாலையையும்தான் காட்டுகிறது. மலை, வயல், தண்ணீர் என்று கண்ணுக்கு நிறைவாக ஒரு ரூட்டை எப்படி அமைப்பது?

பதில்: முழு வட்டம் வேண்டாம். ஏன் என்பதை உங்கள் மகனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான். மீனாட்சியம்மன் கோயிலை நடுவாக வைத்து 8 கி.மீ. தள்ளி வட்டம் போட்டால் சுற்றளவு சுமார் 50 கி.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய மதுரையில் 8 கி.மீ. தூரத்தில் பல திசைகளில் இன்னும் பிளாட்டும் கல்யாண மண்டபமும்தான். வயலைப் பார்க்க 15 கி.மீ. தள்ளினால் சுற்று 94 கி.மீ. ஆகிவிடும். அதாவது நடுவிலிருந்து ஒரு கி.மீ. வெளியே நகர்த்தினாலே மொத்தத் தூரம் 6 கி.மீ.க்கு மேல் கூடுகிறது. கிராமத்து ரோடு வளைந்து வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். உங்கள் குழுவுக்கு அது ஒரு காலை வேளைக்குரிய தூரம் அல்ல.

தவிர, மதுரையின் அழகு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. மேற்கே நாகமலை, சமணமலை, வைகைக் கரை. வடகிழக்கே யானைமலை, அழகர்மலை, பெரியாறு கால்வாய். இவை இரண்டும்தான் சொத்து. தென்கிழக்கில் விமான நிலையப் பக்கம் தொடங்கி விரகனூர் வரை வட்டத்தை இணைப்பதற்காகவே லாரிகளோடு ஓட்ட வேண்டியிருக்கும். வட்டம் முழுமையடைந்தது என்ற திருப்தியைத் தவிர அங்கே கிடைப்பது குறைவு. அதனால் ஊரைச் சுற்றாமல், ஊரின் ஒரு ஓரத்தில் தொடங்கி இன்னொரு ஓரத்தில் வந்து சேரும் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுற்று ஒரு ஞாயிறு, வடகிழக்குச் சுற்று இன்னொரு ஞாயிறு.

சரி, ரூட்டை வரைவது எப்படி? பலரும் முதலில் அழகான இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றைக் கோடு போட்டு இணைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தடைகளைக் குறியுங்கள். மதுரையைப் பொறுத்தவரை அவை வைகை ஆறு, திண்டுக்கல்லிலிருந்து கப்பலூர் நோக்கி ஊரின் மேற்கே இறங்கும் நான்குவழிச் சாலை, ரிங் ரோடு, ஊரிலிருந்து கிளம்பும் ரயில் பாதைகள். இவற்றை எங்கு வேண்டுமானாலும் தாண்ட முடியாது. பாலமோ, கேட்டோ, சுரங்கப்பாதையோ இருக்கும் சில இடங்களில் மட்டும்தான் முடியும். அந்த இடங்களை வட்டமிட்டு வைத்துவிட்டால் ரூட் பாதி தயார். ஒரு சுற்று நிம்மதியாக அமைவதும் நெஞ்சு படபடக்க அமைவதும் இந்தத் தாண்டும் இடங்களைப் பொறுத்ததே. சிறுவன் கூட வரும்போது, நான்குவழிச் சாலையை மீடியன் இடைவெளியில் குறுக்கே கடக்கும் ரூட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். அடியில் புகும் வழியோ மேலே போகும் பாலமோ இருக்க வேண்டும். அதற்காக 2 கி.மீ. சுற்றினாலும் பரவாயில்லை. ரயில் சுரங்கப்பாதையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: முந்தின நாள் மழை பெய்திருந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அடியில் பள்ளம் தெரியாது. மழைக்காலத்துக்கென்று மாற்று வழி ஒன்று கையில் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை, தண்ணீர் போகும் வழியைத் தேடுவது. மேப்பைச் சாட்டிலைட் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். வாய்க்காலும் கண்மாயும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் வயல், மரம், பறவை, பழைய கோயில் எல்லாம். இந்த ஊர்களே கண்மாயை நம்பி உருவானவை. ஊருக்கு ஊர் இணைக்கும் பழைய ரோடும் பெரும்பாலும் அவற்றை ஒட்டித்தான் போகும். இந்த ரோடுகளில் லாரி குறைவு. காரணம், லாரி போக வேண்டிய ஊர்களை இவை இணைப்பதில்லை. நல்ல காட்சியும் குறைந்த போக்குவரத்தும் ஒரே ரோட்டில் சேர்ந்து கிடைப்பது இதனால்தான். நேர்வழி தேடும் செயலி இவற்றை உங்களுக்குக் காட்டாது. கோட்டை நீங்களே விரலால் இழுத்து இழுத்து இந்த ரோடுகளுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த இரண்டையும் வைத்து உங்களுக்காக நான் வரையும் மேற்குச் சுற்று இது. கோச்சடையிலிருந்து மேலக்கால் ரோட்டைப் பிடித்து துவரிமான், கொடிமங்கலம் வழியாக மேலக்கால். அங்கே இடப்பக்கம் திரும்பி, நாகமலையைக் கணவாய் வழியாகத் தாண்டும் ரோட்டில் செக்கானூரணி. பிறகு தேனி ரோட்டில் ஊர் திரும்பாமல், தெற்கே கொங்கர் புளியங்குளம், வடிவேல்கரை வழியாகக் கீழக்குயில்குடி. அங்கிருந்து விளாச்சேரி, பழங்காநத்தம், வீடு. ஏறக்குறைய 45 கி.மீ. வரும். வைகையைத் தாண்டவே வேண்டாம். நான்குவழிச் சாலையைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, அவ்வளவுதான். போடி ரயில் பாதையும் வழியில் குறுக்கிடும். முதல் தடவைக்கு முன் பைக்கில் போய் இந்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேலக்கால் ரோட்டை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் துவரிமானைத் தாண்டும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும். வலப்பக்கம் ஆற்றுப் படுகையும் தென்னந்தோப்பும். இடப்பக்கம் வயலுக்கு அப்பால் நாகமலை, பெயருக்கேற்ப நீளமாக நெளிந்து கூடவே வரும். காலை வெயில் அதன் ஆற்றுப்பக்க முகத்தில் சாய்வாக விழும்போது பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். எட்டு மணிக்கு அதே மலை வெறும் சாம்பல் நிறச் சுவர். அதனால் இந்தச் சுற்றை மாற்றி ஓட்டாதீர்கள். வைகையில் பெரும்பாலான மாதங்களில் மணலும் நாணலும்தான், அதை எதிர்பார்த்தே போங்கள். பச்சை எல்லாம் வாய்க்கால் பாசனத்தில்.

திசைக்கு இன்னும் இரண்டு நியாயங்கள் உண்டு. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. இடமாகச் சுற்றினால் திருப்பங்களில் பெரும்பாலானவை இடத் திருப்பங்களாக அமையும். எதிரே வரும் வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியது குறையும். ‘கோயில் நகரில் வலமாகத்தானே சுற்றணும்’ என்று உங்கள் மாமா சொல்லக்கூடும். கிரிவலத்துக்கு அது சரி, போக்குவரத்துக்கு இதுவே சரி. இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். விடிகாலையில் மேற்கே போய்விட்டு, காற்று எழும்போது கிழக்கே திரும்பினால் அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். கிழக்கே திரும்பும்போது வெயில் கண்ணில் அடிக்குமே என்று கேட்கலாம். அடிக்கும். உங்கள் கண் கூசுவது சிறிய தொல்லை. பின்னால் வரும் லாரிக்காரரின் கண் கூசுவதுதான் ஆபத்து. அதனால்தான் திரும்பும் வழியைத் தேனி ரோட்டில் வைக்காமல் கொங்கர் புளியங்குளம் பக்கம் திருப்பினேன்.

கணவாய் ஏற்றம்தான் இந்தச் சுற்றில் உள்ள ஒரே ஏற்றம். மாமா இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாலும் தப்பில்லை. செக்கானூரணியில் டிபன்.

கீழக்குயில்குடியில் அரை மணியாவது ஒதுக்குங்கள். சமணமலை அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் வரிசையாக நிற்கின்றன. கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. தொடாமல் பாருங்கள், உங்கள் மகன் தொடப் போனால் தடுங்கள். கிளீட் ஷூ (பெடலில் மாட்டிக்கொள்ளும் கட்டை அடியில் உள்ள ஷூ) போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், வழுவழுத்த பாறையில் அது வழுக்கும். இதைத் தாண்டினால் விளாச்சேரி, மண் பொம்மை செய்யும் ஊர். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போனால் வீட்டு வாசல்களில் வண்ணம் பூசாத பொம்மைகள் வெயிலில் காய்வதைப் பார்க்கலாம். அந்தத் தெருவில் மெதுவாக ஓட்டுங்கள்.

கண்மாய்க் கரை மேலேயே ஓட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தார் போட்ட கரை என்றால் தாராளமாக. மண் கரை என்றால் மழைக்கு மறுநாள் வேண்டாம். ஈரக் கரையில் டயர் பதிந்த தடத்தில் அடுத்த மழைநீர் ஓடி, கரை அரிக்கும். அது அந்த ஊர் விவசாயிகளின் உயிர்நாடி. காய்ந்த நாளிலும் இரு பக்கமும் சீமைக்கருவேலம் இருந்தால் முள் நிச்சயம். அந்த முள் குத்தினதுமே டயர் இறங்காது. முனை உள்ளே தங்கி ஐந்து கி.மீ. கழித்துதான் வேலையைக் காட்டும். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள். விரலால் தடவினால் விரலைக் குத்தும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். ஆறு பேருக்கு இரண்டு ஸ்பேர் டியூப், ஒரு பம்ப், ஒட்டுப்போடும் செட் போதும். ஆனால் எல்லோர் சைக்கிளும் ஒரே டயர் அளவா என்று முதலில் பாருங்கள். மெல்லிய ரோடு சைக்கிள் டயரை விட்டுவிட்டு, 35 மி.மீ. அகலத்தில் டயர் போடுவதே இந்த ரோடுகளுக்குப் பொருத்தம்.

சராசரியாக மணிக்கு 15 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் மூன்று மணி, நிற்பதற்கு ஒரு மணி. பத்து மணிக்குள் வீடு சேர்ந்துவிடலாம். சித்திரை, வைகாசியில் ஒரு மணி முன்னதாகவே முடியும்படி சுற்றைக் குறுக்குங்கள். நாகமலை புதுக்கோட்டை வழியாகத் தேனி ரோடு இதன் நடுவே ஓடுவதால் குறுக்கு வழி எப்போதும் கையில் இருக்கிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் செக்கானூரணியில் ஒரு லோடு ஆட்டோ பிடித்து ஆளையும் சைக்கிளையும் அனுப்பிவிடுங்கள். தெரு நாய் துரத்தினால் வேகம் எடுக்க வேண்டாம். நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் அதுவே விலகிவிடும். அறுவடை நாட்களில் ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாமல் ஓரமாக இறங்கித் தாண்டுங்கள், ஒரு வணக்கமும் சொல்லுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். பெரிய முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் பக்கம் வேன்களால் நிறைந்துவிடும், பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம். சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர்கோவில் ரோட்டை மறந்துவிடுங்கள். அது அழகருக்கும் அவரைப் பார்க்க வருகிற மக்களுக்குமான ரோடு.

வடகிழக்குச் சுற்று கொஞ்சம் நீளம், மேற்குச் சுற்று பழகிய பிறகு எடுங்கள். ஒத்தக்கடையில் தொடங்கி நரசிங்கம், யானைமலை அடிவாரம், மாங்குளம் பக்கமாக வடக்கே ஏறி அழகர்கோவில். அங்கிருந்து கள்ளந்திரி வந்து ஊர் திரும்புவது. இதுவும் இடச் சுற்றுதான். மாங்குளத்து மலைக் குகைகளில் இருப்பவை தமிழ்நாட்டின் மிகப் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் சில. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் அங்கே இருக்கிறது. திரும்பும்போது நத்தம் ரோட்டுக்குப் போய்விடாதீர்கள். 2023-இல் திறந்த 7.3 கி.மீ. பறக்கும் பாலம் அங்கே வேகமாக வரும் வண்டிகளுக்கானது, கீழ் ரோடும் நெரிசல்.

இந்தச் சுற்றின் உயிர் பெரியாறு கால்வாய். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைத் திருப்பி வைகைக்குத் தந்தது. அந்தத் தண்ணீர் பேரணையிலிருந்து பிரிந்து இந்தக் கால்வாயில் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில் இருப்பு நன்றாக இருந்தால் இருபோகத்துக்கு ஜூன் வாக்கில் திறப்பார்கள். ஒருபோகத்துக்குப் பிந்தித்தான் வரும். கால்வாய் ஓடும்போது இந்தச் சுற்று முற்றிலும் வேறு. தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வரும். வந்து ஒரு வாரம் கழித்து, நடவு தொடங்கியதும் போங்கள். ஓடுகிற கால்வாயில் யாரும் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம், உங்கள் மகனை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.