ஒக்கியும் ககன்யானும்

மதிப்பிற்குரிய ஐயா,

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஊர் ஆண்களில் பலர் ஆழ்கடலில், பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் இருந்தார்கள். கரையில் எங்களுக்குத் தெரிந்த செய்தியைக்கூட அவர்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. அப்பாவை இழந்த பிள்ளைகள் இன்றும் என் பள்ளியில் படிக்கிறார்கள். மூன்று பேரை மூன்று நாள் வானத்தில் சுற்றவைக்க 20,000 கோடி ரூபாய் செலவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கைக்கோள் தேவை, சந்திரயான்கூட இருக்கட்டும். மனிதரை ஏன் அனுப்ப வேண்டும்? நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயே அது நமக்கு வேண்டாம் என்றுதானே சொன்னார்?

ஓர் ஆசிரியை, குமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதில் நான் மறுப்பதற்கு எதுவும் இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகு 2019இல் வந்த ஜெமினி கருவி, ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும். ஆனால் படகிலிருந்து கரைக்கு ஒரு சொல்லும் அனுப்பாது. இரு திசையிலும் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. அதன் மதிப்பு 364 கோடி ரூபாய். இவ்வளவு சிறிய தொகைக்கான திட்டம் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் காத்திருந்ததற்கு ககன்யான் பணத்தை விழுங்கியது காரணம் அல்ல என்றும், கடலோடிகளின் உயிர் அவசரமான காரியமாக எண்ணப்படவில்லை என்பதே காரணம் என்றும் நான் நினைக்கிறேன். ககன்யானைக் கைவிட்டாலும் அந்த மனநிலை மாறாது. அதற்கு எதிராக நீங்கள் எழுப்பும் குரலோடு என் குரலும் சேர்ந்தே இருக்கும்.

தொகையைப் பற்றி ஒரு திருத்தம். 2018இல் ககன்யானுக்கு ஒப்புதலான தொகை சுமார் 9,000 கோடி. 2024 செப்டம்பரில் அது 20,193 கோடியாக உயர்ந்தபோது, எட்டுப் பயணங்களும் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அதற்குள் அடங்கின. இருந்தாலும் தொகை சிறியது என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. மத்திய அரசு செலவிடும் நூறு ரூபாயில் விண்வெளித் துறைக்குப் போவது கால் ரூபாயைச் சற்றே தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் வீணான செலவு கால் ரூபாயானாலும் வீண்தான்.

சாராபாய் 1968இல் கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் ஆற்றிய உரையைத்தான் நீங்கள் நினைவூட்டுகிறீர்கள். பொருளாதாரத்தில் முன்னேறிய நாடுகளோடு போட்டியிடும் கற்பனை நமக்கில்லை என்று சொன்ன அவர், அந்தப் பட்டியலில் சந்திரனையும் கோள்களையும் மனித விண்பயணத்தையும் ஒன்றாகவே வைத்தார். சந்திரயானை ஏற்றுக்கொள்ளும் நீங்கள், அவர் விலக்கியவற்றில் ஒன்றை ஏற்கெனவே அனுமதித்துவிட்டீர்கள். அவர் அன்று பேசியது, சொந்தமாக ஒரு செயற்கைக்கோளைச் செலுத்துவதற்கே இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்த ஒரு நாட்டிடம். அவர் விட்டுச்சென்ற தடையைவிட, இதனால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்கும் அவருடைய அளவுகோலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இயந்திரம் போதாதா என்ற உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. அப்பல்லோ வீரர்கள் ஆறு முறை இறங்கிச் சந்திரனிலிருந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் சோவியத்தின் மூன்று தானியங்கி லூனா கலங்கள் கொண்டுவந்தது, எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 300 கிராம். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி 14 ஆண்டுகளில் சுமார் 45 கிலோமீட்டர் ஓடியது. அப்பல்லோ 17இன் இருவர் மூன்றே நாட்களில் தங்கள் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள், அவர்களில் ஒருவரான புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட் காலடியில் கிடந்த ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டதும் அங்கேயே நின்று தோண்டினார். பார்வை மங்கிப் பிறந்த ஹபிள் தொலைநோக்கிக்கு 1993இல் பார்வையைச் சரிசெய்தவையும் மனிதக் கைகளே. இயந்திரங்கள் வளர்ந்துவருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் தானியங்கிக் கலங்கள் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, சந்திர மண்ணைக் கொண்டுவந்துவிட்டன. ஆனாலும் எதிர்பாராததைக் கண்டு, நின்று, மனம் மாற்றிக்கொள்ளும் வேலைக்கு மனிதருக்கு இணை இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

ககன்யானின் முதல் மூன்று நாள் பயணம் பெரிய அறிவியல் எதையும் தராது. அது வாசற்படி. அந்தப் படியை அரசு ஏன் கட்ட வேண்டும் என்றால், இந்த அறிவை நமக்கு விற்க யாரும் முன்வரவில்லை. 1993இல் அமெரிக்காவின் அழுத்தத்தால், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரயோஜெனிக் ராக்கெட் இயந்திரத்தின் தொழில்நுட்பத்தைத் தருவதிலிருந்து ரஷ்யா பின்வாங்கியது. நம் சொந்த கிரயோஜெனிக் இயந்திரம் ஒரு ராக்கெட்டை வெற்றியோடு ஏற்றியது 2014 ஜனவரியில். விண்கலத்துக்குள் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் காக்கும் அமைப்புக்காகப் பிற நாடுகளை அணுகியபோதும் அதே அனுபவம்தான். உங்கள் மாவட்ட எல்லைக்குச் சற்று அப்பால் உள்ள மகேந்திரகிரியில், மனிதரை ஏற்றத் தகுதியானது என்று நிறுவுவதற்காக சிஇ-20 என்ற கிரயோஜெனிக் இயந்திரத்தின் நான்கு பிரதிகளை 39 முறை, மொத்தம் 8,810 வினாடிகள் எரித்துப் பார்த்தார்கள். இப்படிச் சேரும் அனுபவத்துக்கு எந்தத் தனியார் முதலீட்டாளரும் முதலில் பணம் போடுவதில்லை. அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் இன்று வீரர்களை ஏற்றிச்செல்வதும், அவர்களுடைய அரசு 2014இல் 680 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்ததால்தான்.

அரசோடு எனக்குள்ள பிணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டான 2022க்குள் ககன்யானில் இந்தியர் பறப்பார் என்று விழா மேடையில் நாள் குறிக்கப்பட்டது. அந்த நாள் தவறியதற்காக நான் வருந்தவில்லை, குறிக்கப்பட்டதற்காகவே வருந்துகிறேன். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, இந்தக் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும் என்று பொறியாளர்கள் மன்றாடியும் கேட்கப்படவில்லை, ஏழு பேர் இறந்தார்கள். அதன் விசாரணை அறிக்கை, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிய கடுமையான பின்னிணைப்போடு, எவரும் வாசிக்கும்படி வெளியிடப்பட்டது. இங்கே 2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கி நொறுங்கியதற்கான முழு அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை. ஆள் இல்லாத கலத்துக்கே இதுதான் வழக்கம் என்றால், நான்கு விமானப்படை அதிகாரிகள் பயிற்சி பெற்றுக் காத்திருக்கும் கலத்துக்கு இது போதவே போதாது. பணம் கொடுக்கும் மக்களுக்குப் பிழைகளையும் பார்க்கும் உரிமை வேண்டும்.

இந்தத் திட்டம் கொடியோடு எடுத்த படத்தோடு நின்றுபோய், நிலையமும் அதில் நடக்க வேண்டிய ஆய்வும் வராமலே போனால், நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை அன்று நானும் கேட்பேன்.