சர்ச்சுல ஒரு ஆளு, வீட்டுல ஒரு ஆளு

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூர் துவாஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச், தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை) எதையும் விட்டதில்ல. ஆனா வீட்டுக்காரம்மா "நீங்க சர்ச்சுல ஒரு ஆளு, வீட்டுல ஒரு ஆளு"ன்னு சொல்லிட்டாங்க. அப்ப தேவபக்தியுள்ள மனுஷன்னா யாருங்க?
- யீஷூன் வாசகர்

பதில்: தம்பி, அவங்க சொன்னது வலிக்கும்தான், ஆனா உங்ககிட்ட அத சொல்ல அவங்களுக்கு எவ்ளோ நாள் ஆச்சோ, அதையும் நெனச்சுப் பாருங்க.

பைபிள்ல அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம் எடுங்க. கொர்நேலியு, செசரியாவுல ரோமப் பட்டாளத்துல நூற்றுக்கு அதிபதி, அதாவது உங்கள மாதிரியே ஆளுங்கள வேலை வாங்குறவரு. அவர தேவபக்தியுள்ளவர்னு வேதம் சொல்லுது, உடனே "தன் வீட்டாரனைவரோடும்" தேவனுக்குப் பயந்தவர்னும் சொல்லுது, தருமம் பண்றவரு, எப்பவும் ஜெபம் பண்றவரு. எனக்கு ரொம்பப் புடிச்சது 7, 8ஆம் வசனங்கள், அவருக்குக் கீழ வேலை பாத்த ஒரு போர்ச்சேவகனும் தேவபக்தியுள்ளவனா இருந்தான், தரிசனத்துல தேவதூதன் சொன்னபடி இயேசுவோட சீஷன் பேதுருவக் கூட்டிட்டு வர அவனையும்தான் அனுப்புறாரு, அனுப்புறதுக்கு முன்னாடி தரிசனத்துல நடந்தது எல்லாத்தையும் விவரமா சொல்றாரு. வெறும் ஆர்டர் போட்டு அனுப்பல. உங்களுக்குக் கீழ வேலை பாக்குற டார்மிட்டரி பசங்க உங்களப் பத்தி என்ன பேசிக்குவாங்க?

1 பேதுரு 3:7 இன்னும் கண்டிப்பா சொல்லுது, மனைவிக்கு மரியாதை குடுக்கணும், இல்லன்னா ஜெபத்துக்கே தடை வரும்னு. தசமபாகம் குடுத்து இத சரிக்கட்ட முடியாது தம்பி.

இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் போன கீழ வச்சிட்டு அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க. வெளக்கம் எதுவும் வேணாம்.